அரை நொடி பின்னால்

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
ஞாயிறன்று பீடத்தருகே நின்று வேதம் வாசிப்பவன் லெக்டர்.
தொலைக்காட்சியில் ஓடும் அயல்நாட்டுப் படத்தின் மேல்
எல்லார் வசனத்தையும் ஒற்றைக் குரலில் வாசிப்பவனும்
லெக்டர்.
வூச் நகரத்தில் நான் இரண்டும்.
ஒன்றுக்குச் சம்பளம் உண்டு.

காதலியும் நான், காதலனும் நான்.
கழுத்தை நெரிக்கிறவனும் நெரிபடுகிறவளும்
ஒரே மூச்சில் நான்
(அவளுக்கு வசனம் குறைவு).

நடிக்கக் கூடாது, அது முதல் விதி.
உன்னை மறக்க முடியவில்லை என்பதை
ரயில் நேரம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும்.
இரண்டாவது, அரை நொடி பின்னால் வா.
முதலில் அவர்கள் வாய் திறக்கட்டும்,
அவர்கள் குரலின் நுனி காதில் விழட்டும்,
பிறகு நீ.
உன் குரலுக்கு அடியில்
அவர்கள் மூச்சு அணையாமல் ஓட வேண்டும்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓல்கியெர்ட் கைகாட்டுவான்:
போகுமில், உணர்ச்சி எட்டிப்பார்க்கிறது, உள்ளே தள்ளு.

தவக்காலம் மூன்றாம் வாரம்
செனோபியா அம்மாள் பங்குத்தந்தையிடம் போனார்.
வியாழன் இரவு பதினொன்றரைக்கு
இந்த வாய் பேசியதையெல்லாம் தாளில் குறித்து,
வரிசை எண் போட்டு,
எழுதக் கூசியவற்றுக்கு முதல் எழுத்தும் புள்ளிகளும் வைத்து.
மொத்தம் பதினேழு.
இதே வாயிலா ஏசாயா?

(மூலத்தில் அறுபத்து மூன்று.
மென்று துப்பியது போக மிஞ்சியதுதான் பதினேழு.
அதை நான் சொல்லவில்லை.)

அருட்தந்தை ரெமிகியுஷ் தேநீர் ஊற்றினார்.
வெகுநேரம் ஊற்றினார்.
படம் எப்படி, என்றார்.
நல்ல படம்.
ஒருவன் தன் தம்பியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான்.
அப்புறம் வாராவாரம் தம்பி வீட்டுக்குப் போய்
ஒழுகும் குழாயைச் சரிசெய்கிறான்.
தம்பி மனைவிக்கு எல்லாம் தெரியும்.
அவர் கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார்.
அம்மாள் பதினேழு வரை பார்த்திருக்கிறாரே, என்றார்.
அவ்வளவுதான்.
ஆனாலும் இரண்டு ஞாயிறு
பட்டியலில் என் பெயர் இல்லை.

குருத்தோலை ஞாயிறு.
ஓலையே முளைக்காத நாடு எங்களுடையது;
பனி உருகும் ஆற்றோரம்
பூனைக்குட்டி ரோமம்போல் மொட்டு விட்ட வில்லோக் கிளையைப்
பிடித்துக்கொண்டு வருவோம்.
அன்று பாடுகளின் வரலாற்றைப் பங்கு பிரித்து வாசிப்பது வழக்கம்.
கிறிஸ்துவின் சொற்கள் குருவானவருக்கு.
கதை சொல்வது மருந்துக்கடைக்காரர்.
மற்றவர்களை வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
மற்றவர்கள் என்றால்
யூதாசு, தலைமைக்குரு, பிலாத்து,
முற்றத்து வேலைக்காரி, பேதுரு.
பழகின வேலை. போய் நின்றேன்.

முப்பது வெள்ளிக்குப் பேரம் பேசினேன்,
ரயில் நேரம்போல்.
யாரும் தாளில் குறிக்கவில்லை.
வேலைக்காரியும் நான், பேதுருவும் நான்.
நானே கேட்டேன், நானே தெரியாது என்றேன்.
இரண்டாவது தடவையும் சுலபமாகத்தான் வந்தது.
மூன்றாவதற்கு, பழக்கதோஷம்,
அரை நொடி காத்திருந்தேன்,
எனக்கு முன்னால் அவன் வாய் திறக்கட்டும் என்று.

அடியில் யாரும் இல்லை.
ஒலிபெருக்கியின் இரைச்சல்,
எங்கோ ஒரு குழந்தை தும்மியது.
தெரியாது என்றேன்.
அது என் குரல்.

பிறகு பிலாத்து. கை கழுவினேன்.
அறையச் சொல்லும் அந்தக் கூச்சல்
கோயில் முழுவதற்கும் எழுதப்பட்ட பங்கு.
முன்வரிசையில் செனோபியா அம்மாள்
எல்லாருக்கும் அரை நொடி முந்திக் கத்தினார்.
கத்திவிட்டுக் கிளையைப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் கைப்பையைத் துழாவி
எனக்கு ஓர் இருமல் மிட்டாய் கொடுத்தார்.
குரல் உடைந்திருந்ததே.
பதினேழாவதோடு நான் பெட்டியை அணைத்துவிட்டேன்.
அந்தத் தம்பி பெண்டாட்டி,
கடைசியில் அவனிடம் என்னதான் சொன்னாள்?

ஒன்றும் சொல்வதில்லை அம்மா.
அவன் திருகியை மூட்டையில் போட்டுக்கொண்டு போகிறான்,
அவள் குழாயைத் திறந்து பார்க்கிறாள்.
நாலு நிமிடம்.
அங்கே எனக்கு வாசிக்க ஒன்றுமில்லை.
தண்ணீர் மட்டும் கேட்கும்.